ஆயரும் ஆண்டகையும்

நம் மறைமாவட்டத் தலைவரை நாம் 'ஆயர் ஆண்டகை' என்று அழைக்கிறோம். நாள்தோறும் வழங்கிப் பழகிவிட்டதால், இவ்விரு சொற்களும் அருகருகே நிற்பதன் வியப்பு நமக்குத் தோன்றுவதில்லை. ஆயர் என்போர் முல்லை நிலத்தில் ஆநிரை மேய்த்த மக்கள். காட்டு வழியில் வெயிலிலும் மழையிலும் கோல் ஊன்றி நடந்தவர்கள். ஆண்டகை என்பதோ பெருமையிற் சிறந்த தலைமகனைக் குறிக்கும் சொல். முதற்சொல் புழுதியில் நடக்கிறது. அடுத்த சொல் அரியணையில் அமர்கிறது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நாம், நம் தலைவர்களிடம் உண்மையில் எதனை எதிர்பார்க்கிறோம்? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் செஞ்சியும் சூழ்ந்த இந்த மண்ணே நமக்குப் பல ஆயர்களை அறிமுகப்படுத்துகிறது.

சொல்லின் பயணம்

நம் பாட்டனார் காலத்துக் கத்தோலிக்கர் 'மேற்றிராணியார்' என்றனர். சிரிய மொழியின் வழியாகக் கேரளத் திருச்சபையிலும் பின்னர் நம்மிடத்திலும் வழங்கிய சொல் அது. மதிப்பிற்குரிய சொல்லேயாயினும், அதன் பொருளை உணர்ந்து சொன்னவர் சிலரே. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி நம் வழிபாடு தமிழுக்கு மாறியபோது, 'ஆயர்' என்னும் சொல் பரவி நிலைபெற்றது. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்புகளில் 'மேய்ப்பன்' என்று நின்ற இடத்தில், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'ஆயன்' என்று எழுதிற்று.

இதனால் நம் திருச்சபைத் தலைமை, தன்னை அறிந்தோ அறியாமலோ, சங்க இலக்கியத்தின் முல்லைத் திணைக்குள் அடியெடுத்து வைத்தது. அத்திணையின் மக்களுக்கு இன்னொரு பட்டமும் உண்டு. 'கோன்' என்பது அரசனுக்குப் பெயர். ஆடுமாடு மேய்க்கும் குலத்தாரின் பட்டமும் அதுவே. மேய்ப்பவனையும் ஆள்பவனையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி நம்முடையது. ஆட்சி என்பது மேய்த்தலைப் போன்றதா, அன்றி மேய்ப்பவனே ஒரு நாள் ஆள்பவனாக உயர்ந்துவிட விழைகிறானா என்ற வினா அச்சொல்லுக்குள்ளேயே உறங்குகிறது.

கோட்டை எழுப்பிய இடையன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பயணம் செய்வோர் செஞ்சி மலைகளைக் காணாமல் செல்ல இயலாது. மராட்டியப் படைத்தளங்களின் வரிசையில், மகாராட்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு தமிழகத்தின் ஒரே கோட்டையாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது இக்கோட்டையைத்தான். நாயக்கரும் மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கைமாற்றிக்கொண்ட இக்கோட்டையின் தொடக்கத்தை, மரபுவழி வரலாறு ஓர் இடையனிடம் கொண்டு சேர்க்கிறது.

ஆனந்தக் கோன் என்பது அவன் பெயர். ஏறத்தாழ 1190ஆம் ஆண்டளவில், மந்தை மேய்த்துக்கொண்டிருந்த அவனுக்கு மேற்கு மலையின் குகையொன்றில் புதையல் கிட்டியதாம். அப்பொருளைக் கொண்டு ஆள் திரட்டி, அக்கம்பக்கத்துச் சிறுதலைவர்களை வென்று, மலைமேல் அரண் கட்டி, அதற்கு ஆனந்தகிரி என்று தன் பெயரையே சூட்டினான். இன்று இராசகிரி எனப்படுவது அதுதான். அவனுக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் அடுத்த குன்றைக் கிருஷ்ணகிரி ஆக்கினான். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோன் மரபினர் அங்கு ஆண்டனர் என்பது மரபு.

எளிய குலத்தவன் ஒருவன் தன் முயற்சியால் அரசனானான் என்பதில் நாம் மகிழலாம், மகிழத்தான் வேண்டும். ஆயினும் இக்கதையில் ஒரு பொருள் மட்டும் காணாமற் போகிறது. புதையல் கிடைத்த பின் அந்த மந்தை என்னவாயிற்று? அதனை யார் வீட்டுக்கு ஓட்டிச் சென்றார்? கதை சொல்லவில்லை. கோட்டைச் சுவர் உயர உயர, ஆடுகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. தலைமை பெற்ற மேய்ப்பனின் முதற்சோதனை இதுவே. கோல் செங்கோலாக மாறும்போது, அக்கோலை அவன் எதற்காக முதலில் ஏந்தினான் என்பது மறந்துபோகிறது.

நடுகல் சொல்வது

இதே நிலப்பகுதியில் இன்னொரு மேய்ப்பனின் நினைவும் கல்லில் உள்ளது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரையை அமைத்த முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனை நாம் அறிவோம். அவ்வரசனின் 34ஆம் ஆட்சியாண்டில், செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைந்த ஊர் அது. தன் எருமைகளைக் காக்கும் போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கான கல் அது. வில்லேந்திய வீரனின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாய் நின்றது என்று கல்வெட்டு பெயர் சொல்லிப் பாராட்டுகிறது.

செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் மிகப் பல. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்த இலக்கணம், மீட்புப் போரில் மாண்டவனுக்குக் கல் எடுத்து வழிபடும் முறையையும் வகுத்தது. இங்கே நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மன்னன் மலையில் குடைவரை எடுத்தான். அது கலைச் சின்னமாயிற்று. எருமைகளுக்காக இறந்தவனுக்கு ஊரார் கல் நாட்டினர், அது வழிபாட்டுக்குரியதாயிற்று. தமக்கு மேலே நின்றவனைக் காட்டிலும், தம் மந்தைக்கு முன்னே நின்றவனையே மக்கள் தெய்வமாக்கினர்.

மாதரியின் அடைக்கலம்

வரலாறு கல்லில் காட்டியதைக் காப்பியம் ஒரு பெண்ணில் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில், மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி செல்வச் சீமாட்டி அல்லள். படை பலமும் அவளுக்கு இல்லை. தன் மகள் ஐயையையும் உடன்வைத்து, வந்தவளை அன்புடன் பேணுகிறாள். பின்னர் கோவலன் கொலையுண்டு, கண்ணகி மதுரையை எரித்துச் சென்றபின், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் காக்க இயலவில்லையே என்று வருந்தி மாதரி தீயில் புகுந்தாள் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் சேரனுக்குச் சொல்கிறான்.

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்வதை நம் திருமறை ஏற்பதில்லை. எனினும் அப்பாத்திரத்தின் மனச்சான்றைக் கண்டு நாம் தலைவணங்காமல் இருக்க முடியாது. கோவலன் கொல்லப்பட்டதற்குப் பொறுப்பாளி பொற்கொல்லன். தவறாகத் தீர்ப்பளித்தவன் பாண்டியன். மாதரி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆயினும் 'என்னிடம் தரப்பட்டவர்கள்' என்ற ஒரே உணர்வால் அவள் தன்னைப் பொறுப்பாக்கிக்கொண்டாள். பொறுப்பைத் தட்டிக் கழிக்க ஆயிரம் காரணங்கள் இருக்கும்போதும் அதனை ஏற்றுக்கொள்வதே ஆயர் நெஞ்சம். காப்பியங்களை நன்கு கற்ற வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அன்னை மரியாவுக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டபோது, அச்சொல்லின் முழுக் கனமும் தமிழர் நெஞ்சில் ஏற்கெனவே இருந்தது.

தோளில் சுமந்தவர்

இப்பின்புலத்தில் நற்செய்தியைத் திறப்போம். இசுரயேலின் பெருந்தலைவர் பலர் மேய்ப்பர்களே. மோசே மிதியானில் தம் மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். தாவீது பெத்லகேமில் தம் தந்தையின் ஆடுகளைக் காத்தார். இறைவாக்கினர் ஆமோஸ் தெக்கோவாவின் ஆட்டிடையர். தாவீதோ ஆனந்தக் கோனைப் போல மேய்ச்சல் காட்டிலிருந்து அரண்மனைக்கு உயர்ந்தவர். உயர்ந்தபின் அவரும் இடறினார். உரியாவின் மனைவியை அவர் கவர்ந்தபோது இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் சொன்ன உவமை எதனைப் பற்றியது? ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றியது. அரசனுக்குள் உறங்கிப்போன மேய்ப்பனை அந்த ஓர் ஆட்டுக்குட்டிதான் தட்டி எழுப்பிற்று. பின்னாளில் எசேக்கியேல், ஆடுகளை மேய்க்காமல் தம்மையே மேய்த்துக்கொண்ட தலைவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்.

இயேசு பெருமான் தம்மை நல்ல ஆயன் என அறிமுகப்படுத்தியது இந்த நெடிய ஏமாற்றத்தின் நடுவில். அவர் சுட்டிய அடையாளங்கள் மூன்று. ஆயன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான். ஓநாய் வரும்போது கூலிக்காரனைப் போல் ஓடமாட்டான். ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான். எடுத்தனூரின் கல்லைக் கண்ட நமக்கு இம்மூன்றாவது அடையாளம் அந்நியமன்று. வேறுபாடு ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி வில்லேந்திப் பகைவரோடு பொருது மாண்டான். இயேசு வாளை உறையில் போடச் செய்து, தம்மைக் கைதுசெய்ய வந்தவர்களிடம் சீடர்களைப் போகவிடும்படி கேட்டு, தாமே முன்வந்து தம்மைக் கையளித்தார். மந்தையைக் காக்க வந்தவரே பலியாகும் ஆட்டுக்குட்டியும் ஆனார்.

ஆதித் திருச்சபை இதனை நன்கு உணர்ந்திருந்தது. உரோமை நகரின் பிரிசில்லா, கலிஸ்து நிலத்தடிக் கல்லறைகளில் மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவர் வரைந்த ஓவியங்களில், தோளில் ஆட்டைச் சுமந்து நிற்கும் இளம் ஆயனைக் காண்கிறோம். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவம் பரவுவதற்கு முன்பே பரவிய உருவம் இது. இன்றும் பேராயர்கள் தோளில் அணியும் 'பாலியம்' என்னும் வெண்பட்டை ஆட்டுக்குட்டியின் உரோமத்தால் நெய்யப்படுகிறது. அவர்கள் ஏந்தும் கோலின் வளைந்த தலைப்பைக் காணும் நம் ஊர்ச் சிறுவனுக்கு, ஆட்டுக்காரர் கிளை வளைத்துத் தழை பறிக்கும் துறட்டி நினைவுக்கு வந்தால், அவன் சரியாகவே புரிந்துகொண்டான் எனலாம். எட்டாத தழையை ஆட்டின் வாய்க்குத் தாழ்த்தித் தருவதே அக்கோலின் வேலை.

கதவு தட்டப்பட்ட இரவு

நம் பகுதியின் கிறித்தவ வரலாற்றில் இந்த ஆயர் நெஞ்சம் எவ்வாறு விளங்கிற்று? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இந்நாடு இலட்சக்கணக்கான உயிர்களை இழந்தது. அக்காலத்தில், சேத்துப்பட்டைச் சூழ்ந்த ஊர்களில் உழைத்த தாராஸ் அடிகளார் போன்ற பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்களிடம் பசித்தவர்கள் திரண்டு வந்தனர். பஞ்சத்தில் பெற்ற நம்பிக்கை கஞ்சிக்கானது என்று ஏளனம் செய்தவர் அன்றும் இருந்தனர். ஆனால் பஞ்சம் நீங்கியபின்னும் அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நம்பிக்கையில் நிலைத்தனர் என்பதே அதற்கு விடை.

திண்டிவனத்திலும் ஓர் இரவு உண்டு. அது நம் கத்தோலிக்கப் பட்டிக்கு வெளியே நிகழ்ந்தது. அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தம் தாயைப் பேணுவதற்காக 1890இல் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்திற்கு வந்திருந்தார். இந்தியாவில் தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் ஓர் இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் அனுமதிக்க வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்லர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூன்று தட்டல்களையும் ஐடா தம்மை அழைத்த குரலாகக் கேட்டார். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணிதான் இன்று உலகறிந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தக் கொட்டிலைச் சேராத வேறு ஆடுகளும் தமக்கு உண்டு என்று ஆண்டவர் சொன்னதன் பொருள் அந்த இரவில் திண்டிவனத்தில் விளங்கிற்று.

ஆயர் கோலின் விலை சில வேளைகளில் ஓர் இரவோடு முடிவதில்லை. நம் கரைக்கு அப்பால், ஈழத் தமிழர் நடுவே, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருள்தந்தை பிரான்சிஸ் யோசப், போரின் இறுதிநாள்களிலும் மக்களை விட்டு அகலவில்லை. 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு அவரும் இருந்தார். அதன்பின் அவர் திரும்பவே இல்லை. மந்தையோடு போன ஆயனுக்கு ஒரு கல்லறையும் இல்லை; ஒரு நடுகல்லும் இல்லை.

ஒரே கிடையா, இரு கிடைகளா?

ஆயர்களைப் பற்றிப் பேசும்போது நாம் வசதியாக மறந்துவிடும் பக்கம் ஒன்று உண்டு. நம் நாட்டில் ஆடு மேய்ப்பவன் பெரும்பாலும் ஆட்டின் சொந்தக்காரன் அல்லன். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' புதினத்தில் வரும் சிறுவன், பண்ணையத்தில் கட்டுண்டு பிறர் ஆடுகளை மேய்ப்பவன். ஒடுக்கப்பட்ட குலத்தின் பிள்ளை. படங்களில் நாம் மாட்டி வைத்திருக்கும் வெண்ணாடை ஆயனுக்கும் இச்சிறுவனுக்கும் எவ்வளவு தொலைவு! பெத்லகேம் வயல்வெளியில் வானதூதரின் செய்தியை முதலில் கேட்டவர்கள் இச்சிறுவனைப் போன்றவர்களே. ஆயர் என்னும் பெயரை நாம் உயர்ந்த பட்டமாக்கிக்கொண்டு, உண்மையான மேய்ப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவோமானால், அப்பெயர் நம்மையே குற்றஞ்சாட்டும்.

அவ்வாறு நிறுத்தியதும் உண்டு. அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூரில், நூற்றாண்டுகள் பழமையான கத்தோலிக்க நம்பிக்கையின் நடுவே, சாதி வேற்றுமை காரணமாகத் தலித் கிறித்தவர்கள் தமக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்கும் நிலை உண்டாயிற்று. 2008 மார்ச் 9 அன்று மூண்ட மோதலும் அதனைத் தொடர்ந்த காவல்துறையின் துப்பாக்கிச் சூடும் இரு உயிர்களைப் பறித்தன. ஒரே நற்கருணையை உண்ணும் ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளின. கொழுத்த ஆடு மெலிந்த ஆட்டை விலாவால் இடித்துத் தள்ளுவதையும் எசேக்கியேல் கண்டித்தார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். குற்றம் ஆயர்களிடம் மட்டும் இருப்பதில்லை.

தியாகம் ஆயர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. 1950 ஆகஸ்டில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தாருக்குரிய உரிமையை இந்துக்களுக்கு என வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. தலித் கிறித்தவருக்கு இன்றும் இல்லை. திருமுழுக்குப் பெற்றதை மறைக்காமல் சொல்லும் எத்தனையோ குடும்பங்கள் அதற்கு விலையாகப் பிள்ளைகளின் கல்வி உதவியையும் வேலைவாய்ப்பையும் இழந்து நிற்கின்றன. ஆயன் ஆடுகளுக்காக உயிர் கொடுத்தான் என்று நாம் மறையுரை கேட்கிறோம். இங்கே ஆடுகளே ஆயனுக்காகத் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

நாமும் ஆயரே

'ஆட்டு மந்தை' என்பது தமிழில் சிந்தனையற்ற கூட்டத்தை இகழும் சொல். பொதுநிலையினராகிய நாம் அவ்வாறு அழைக்கப்படுவதை விரும்புவதில்லை. ஆண்டவரும் அவ்வாறு கருதவில்லை. யோவான் நற்செய்தியில் ஆடுகள் ஆயனின் குரலை இனங்கண்டுகொள்கின்றன; அந்நியன் குரலைக் கேட்டால் விலகி ஓடுகின்றன. எது நல்ல ஆயனின் குரல், எது கூலிக்காரனின் குரல் என்று தெளியும் பொறுப்பு நமக்கு உண்டு. புகழுரையால் தலைவர்களை ஆண்டகைகளாக்கி விலக்கி வைப்பதைக் காட்டிலும், அவர்கள் ஆயர்களாக நிலைக்கத் துணைநிற்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.

அதைவிட மேலான ஒன்றும் உண்டு. வீட்டில் பெற்றோர், வகுப்பறையில் ஆசிரியர், அன்பியத்தில் பொறுப்பாளர், ஊராட்சியில் உறுப்பினர் என ஒவ்வொருவரிடமும் சில பெயர்கள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று குருக்களை நோக்கி, ஆடுகளின் மணம் வீசும் மேய்ப்பர்களாய் இருக்கும்படி வேண்டினார். 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தபின்னும் அவ்வேண்டுகோள் நம் அனைவருக்கும் உரியதாய் நிற்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் ஆட்டுக்காரர் இரவில் தம் வீட்டில் உறங்குவதில்லை. பட்டியின் ஓரத்தில், பனியில், நாய் குரைத்தால் எழும்படி அரைத்தூக்கத்தில் கிடக்கிறார். நம்மிடம் தரப்பட்டவருள் இன்றிரவு காணாத ஒருவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதிலேயே நம் ஆயர் பணி தொடங்குகிறது. தொண்ணூற்றொன்பது பேர் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற நிறைவில் நாம் உறங்கிவிட இயலாது. அந்த ஒருவரின் பெயரை அறிவோம், எழுந்து புறப்படுவோம்.